பட்டறைப் பக்கம்: ஊசி சிவப்பில் நிற்கிறது, இன்ஜின் சூடாகவே இல்லை!

கேள்வி: ஐயா, வணக்கம். அப்பா ஓட்டிய பள்ளி வேனை இப்போது நான் ஓட்டுகிறேன். முன்சீட்டுக்குக் கீழே இன்ஜின் இருக்குமே, அந்தப் பழைய வகை. விடியற்காலை 5.45க்குத் தோட்டத்தில் பிள்ளைகளை ஏற்றத் தொடங்குவேன். கடைசி லயத்தைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வருவதற்குள் டெம்பரேச்சர் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. மதியம் அதே பிள்ளைகள், அதே சாலை, வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஊசியோ பாதியில் சும்மா நிற்கிறது. தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) மாற்றினார்கள், வாட்டர் பம்ப்பை மாற்றினார்கள், இப்போது ரேடியேட்டரையும் மாற்று என்கிறார்கள். இதுவரை 480 வெள்ளி போய்விட்டது. தண்ணீர் ஒரு நாளும் கொதித்ததில்லை, குறைந்ததும் இல்லை. என்னதான் கோளாறு?
- பள்ளி வேன் ஓட்டுநர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, ரேடியேட்டரில் கை வைக்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. எந்த இன்ஜினும் விடியற்காலைக் குளிரில் கொதித்துவிட்டு மத்தியான வெயிலில் ஆறிப்போகாது. அப்படியானால் காலைக்கும் மதியத்துக்கும் வேறு என்ன வித்தியாசம்? காலையில் பிள்ளைகளின் பையில் சாப்பாடு இருக்கும், கொஞ்சம் கனம் கூட, அதை விட்டுவிடுவோம். காலையில் இருட்டு. இருட்டில் லைட் போடுகிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் நம் ஊர்தான் என்பதால் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன், நினைவிருக்கும். எண்ணெய் மீட்டர், அதாவது பெட்ரோல் மீட்டர், எப்படிக் காட்டுகிறது என்று கேட்டேன். "அதுவும் ஒரு மாதிரிதாங்கய்யா, காலையில் முக்கால் டாங்கி காட்டும், மதியம் பாதிக்கும் கீழே போய்விடும், மேடு பள்ளத்தில் ஆடுகிறது என்று நினைத்தேன்" என்றீர்கள். அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. இரண்டு ஊசிகள் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாகத் தப்புச் சொன்னால் இன்ஜினையும் குறை சொல்ல முடியாது, எண்ணெய் டாங்கியையும் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு ஊசிக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு.

மற்ற வாசகர்களுக்காக, சனிக்கிழமை காலையில் இவர் வேனைக் கொண்டு வந்தபோது என்ன பார்த்தோம் என்று சொல்கிறேன். பத்து நிமிடம் ஓடி வந்த வண்டி, இன்ஜின் நல்ல சூட்டில் இருந்தது. லைட்டை அணைக்கச் சொன்னேன், ஊசி பாதியில் நின்றது. லைட் போடச் சொன்னேன். உடனே ஒன்றும் நடக்கவில்லை, தம்பி என் முகத்தைப் பார்க்கிறார். பழைய ஊசிகள் அப்படித்தான், உள்ளே ஒரு சின்னத் தகடு சூடாகி வளைந்துதான் ஊசியைத் தள்ளும், அதனால் மெதுவாகத்தான் நகரும். அரை நிமிடம் ஆனதும் டெம்பரேச்சர் ஊசியும் எண்ணெய் ஊசியும் ஜோடி போட்டுக்கொண்டு மேலே ஏறின. ஒரு நிமிடத்தில் ஒன்று சிவப்பில், மற்றது முக்கால் டாங்கியில். சீட்டைத் தூக்கி, வெப்பம் பார்க்கும் துப்பாக்கியைத் தெர்மோஸ்டாட் மூடிக்கு நேராகப் பிடித்தேன். 84 டிகிரி. ஊசி சிவப்பில் நிற்கும்போது இன்ஜின் 84 டிகிரியில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கிறது!

காரணம் இதுதான். அந்தக் காலத்து மீட்டர் போர்டுக்குப் பின்னால் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கும், சில வண்டிகளில் அது எண்ணெய் மீட்டருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பேட்டரி 12 வோல்ட் கொடுத்தாலும், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வந்தாலும், இரண்டு ஊசிகளுக்கும் சராசரியாக 7, 8 வோல்ட் மட்டும் போகிற மாதிரி அது பார்த்துக்கொள்ளும். எப்படியென்றால், உள்ளே ஒரு தகட்டைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி இருக்கும், தகடு சூடானால் வளைந்து கரண்டை வெட்டிவிடும், ஆறினால் மறுபடி சேர்த்துவிடும், நாள் முழுக்க இதே வேலை. அந்தச் சூடேற்றும் கம்பிக்கு ஓர் எர்த், அதாவது கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போகும் வழி, வேண்டும். எர்த் துருப்பிடித்துப் போனால் கம்பி சரியாகச் சூடாகாது, தகடு வளையாது, கரண்டை வெட்டாது, பேட்டரி வோல்டேஜ் அப்படியே இரண்டு ஊசிக்கும் போய்விடும். மீட்டர் போர்டில் எரிகிற லைட்டுகளும் அதே எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும். லைட் போடாதபோது அந்த மோசமான எர்த் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது, லைட் போட்டதும் பாரம் தாங்காமல் கைவிட்டுவிடுகிறது.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்து, மறுமுனையை மீட்டர் போர்டின் எர்த்தில் வைத்துப் பார்த்தோம். லைட் போட்டதும் 1.6 வோல்ட் காட்டியது. நல்ல எர்த் என்றால் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக்கூடாது. போர்டைக் கழற்றிப் பார்த்தால், எர்த் ஒயரின் வளையம் பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருந்தது, முன்பு எப்போதோ கண்ணாடி ஓரமாக மழைத் தண்ணீர் ஒழுகி இறங்கியிருக்கிறது. மணல் காகிதத்தால் தேய்த்து, புதிதாக ஓர் ஒயரைப் போர்டிலிருந்து பாடி இரும்புக்கு இழுத்து முறுக்கினோம். லைட் போட்டோம். ஊசி அசையவில்லை. தம்பிக்குத்தான் கொஞ்சம் அதிர்ச்சி, எண்ணெய் ஊசி உண்மையைச் சொன்னதும் டாங்கியில் கால் பங்குதான் இருந்தது. செலவு ஒரு முழ ஒயரும் இரண்டு தே தாரேக்கும்.

அந்த 480 வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை செய்தவர்மேல் எனக்குக் கோபமில்லை, ஊசி சிவப்பைக் காட்டினால் ஃபோர்மேன் கை தானாகத் தெர்மோஸ்டாட்டுக்குத்தான் போகும், நானும் போயிருக்கிறேன். ஆனால் இனிமேல் எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். வாட்டர் பம்ப் என்றால் அதன் தண்டை ஆட்டிப் பாருங்கள், அடியில் உள்ள சின்ன ஓட்டையில் தண்ணீர் வழிந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டமும் இல்லை, கறையும் இல்லை என்றால் நல்ல பம்ப்பைத்தான் கழற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் வேனில் எண்ணெய் மீட்டர் சரியாக இருக்கிறது, டெம்பரேச்சர் ஊசி மட்டும் சில நாள் செத்துக் கிடக்கிறது, சில நாள் உச்சிக்குப் போகிறது. மீட்டரா, சென்சரா, ஒயரா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
- செம்பனைத் தோட்டத் தொழிலாளர், பகாவ்

பதில்: உண்டு. ஆள் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ஊசியைப் பார்க்க, ஒருவர் இன்ஜினில் கை வைக்க. மனைவியையோ பிள்ளையையோ முன்சீட்டில் உட்கார வையுங்கள் என்று சொல்ல வந்தேன், ஆனால் இந்த வகை வேனில் சீட்டைத் தூக்கினால்தானே இன்ஜின், அதனால் அவர்கள் வெளியே நின்று எட்டித்தான் பார்க்க வேண்டும்.

சாவியைப் போட்டு வையுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பித்தளை நிறத்தில், ஒரே ஓர் ஒயர் மட்டும் போகிற சென்சரைத் தேடுங்கள். அதுதான் ஊசிக்கு உள்ள சென்சர். இரண்டு ஒயர் போகிற வேறொன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள், அது காற்றாடிக்கோ வேறு எதற்கோ இருக்கலாம். அதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று தெரியாமல் அதை மாற்றிவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒற்றை ஒயரைப் பிடுங்குங்கள். ஊசி 'சி' (குளிர்) பக்கம் கீழே படுத்துவிட வேண்டும். படுக்காமல் மேலேயே நின்றால், ஒயர் வழியில் எங்கோ தோல் உரிந்து இரும்பைத் தொடுகிறது, இன்ஜின் மூடி ஓரம் அழுத்துகிற இடத்தில் முதலில் பாருங்கள். சரி, ஊசி படுத்துவிட்டதா? இப்போது பிடுங்கிய ஒயரின் முனையை ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு வழியாக இன்ஜின் இரும்பில் தொட வையுங்கள், மீட்டர் போர்டில் போடுகிற 3.4 வாட் பல்பு போதும். ஊசி மெல்ல மேலே ஏற வேண்டும். பல்பு இல்லாமல் நேராக இரும்பில் தொட்டாலும் ஏறும், ஆனால் ஊசி உச்சிக்குப் போன பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் மீட்டர் உள்ளே வெந்துவிடும், அதனால்தான் பல்பு. ஏறினால் மீட்டரும் நல்லது, ஒயரும் நல்லது, சென்சர்தான் குற்றவாளி. ஏறவில்லை என்றால் ஒயர் அறுந்திருக்கலாம், மீட்டர் போயிருக்கலாம், போர்டுக்குப் பின்னால் மீட்டரின் நட்டு தளர்ந்திருக்கலாம். நட்டை முதலில் இறுக்குங்கள், காசில்லாத வேலை.

சென்சரைக் கழற்றினால் சமையலறையிலேயே சோதிக்கலாம். வீட்டுக்காரம்மாவின் நல்ல சட்டியை எடுக்காதீர்கள், பழைய பால் டின் போதும். மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஒரு முனையைச் சென்சரின் தலையிலும் மறுமுனையை மரையிலும் பிடித்து, தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டே பாருங்கள். சூடு ஏற ஏற ஓம் இறங்க வேண்டும், கொதிக்கும்போது பெரும்பாலும் சில பத்து ஓமுக்கு வந்துவிடும். எண் எத்தனை என்பதைவிட அது படிப்படியாக இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். நடுவில் திடீரென்று குதித்தால் தூக்கிப் போடுங்கள். உங்களுடையது அப்படித்தான் குதிக்கும் என்று நினைக்கிறேன், சில நாள் செத்தும் சில நாள் உச்சியிலும் இருப்பதற்கு அதுவோ ஒயரோதான் காரணமாக இருக்க வேண்டும்.

புதுச் சென்சரை மாட்டும்போது வெள்ளை டேப்பை வரிந்து வரிந்து சுற்றாதீர்கள். இதற்குத் தனி எர்த் ஒயர் கிடையாது, மரை இரும்பைத் தொடுவதுதான் எர்த். டேப் அதிகமானால் ஒழுகாது, ஊசியும் அசையாது.

கேள்வி: பசார் மாலாமுக்குச் சாமான் ஏற்றும் வேன் என்னுடையது. அரை மணி நேரம் ஓடினாலும் ஊசி 'சி'யை விட்டு எழுவதில்லை. இன்ஜின் குளிர்ச்சியாக இருப்பது நல்லதுதானே? எண்ணெய் மட்டும் அதிகம் குடிக்கிறது.
- வியாபாரி, பந்திங்

பதில்: நல்லதில்லை. உங்கள் வேனில் யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன். "நம் நாடு சூடான நாடு, அது குளிர் நாட்டுக்காரனுக்கு" என்று சொல்லியே நம் ஊரில் எத்தனை தெர்மோஸ்டாட் குப்பைக்குப் போயிருக்கும்! நம் வெளிச்சூடு 33 டிகிரி, இன்ஜினுக்கு வேண்டிய சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். பெரும்பாலான தெர்மோஸ்டாட் 82 டிகிரியிலோ 88 டிகிரியிலோ திறக்கத் தொடங்கும், அதன் உடம்பிலேயே அந்த எண் அடித்திருக்கும். அந்தச் சூட்டுக்கு வராத இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சிலிண்டர் சீக்கிரம் தேயும், இன்ஜின் ஆயிலில் ஈரம் சேர்ந்து சகதி கட்டும். இன்னொன்று, சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழியையும் அடைக்கும். அதைக் கழற்றினால் சுடுதண்ணீர் குறுக்கு வழியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், நெரிசலில் நிற்கும்போது கொதித்துவிடும். குளிரட்டும் என்று கழற்றியது கொதிக்க வைக்கும்.

மீட்டர் கோளாறா, தெர்மோஸ்டாட் கோளாறா என்று தெரிந்துகொள்ளக் கருவியே வேண்டாம், உள்ளங்கை போதும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், காற்றாடியிலும் பெல்ட்டிலும் சட்டை மாட்டாமல். முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே இறுகிவிட்டது. பல நிமிடம் ஜில்லென்று இருந்து, பிறகு சட்டென்று கை வைக்க முடியாத சூடு வந்தால் தெர்மோஸ்டாட் சரி, அப்போது மேலே பகாவ் வாசகருக்குச் சொன்ன ஒயர் சோதனைக்குப் போங்கள்.

புதிதாக மாட்டும்போது அதில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி வால்வு மேல் பக்கம் வரட்டும். உள்ளே சிக்கிய காற்று அது வழியாகத்தான் வெளியேறும்.

கேள்வி: குடும்பத்தோடு தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போனோம். சமவெளியில் பாதியில் நின்ற ஊசி, ஏற்றத்தில் முக்காலுக்குப் போனது. லாத்தா இஸ்கந்தர் அருவியில் நிறுத்தி இறங்கினோம், மறுபடி கிளப்பியபோது இன்னும் மேலே காட்டியது, ரிங்லெட் தாண்டியதும் இறங்கிவிட்டது. பயப்பட வேண்டுமா?
- ஓய்வுபெற்ற தோட்ட மண்டோர், சித்தியவான்

பதில்: ஐயா, உங்கள் ஊசி பொய் சொல்லவில்லை. தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர், வளைந்து வளைந்து ஏறுகிற பாதை, வேன் நிறைய ஆட்கள், ஏர்கான் வேறு. வேகம் இல்லாததால் காற்று உள்ளே வராது, பாரம் மட்டும் அதிகம். முக்கால் வரை போய் இறங்கியது பரவாயில்லை. அருவியில் நிறுத்திக் கிளப்பியதும் ஏறியது இயல்புதான். இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், சிலிண்டர் இரும்பிலுள்ள சூடெல்லாம் நின்ற தண்ணீரில் இறங்கும், கிளப்பியதும் அந்தச் சூட்டைத்தான் சென்சர் பார்க்கிறது. ஏற்றத்தில் வந்து நிறுத்தும்போது உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஓட விட்டு அணையுங்கள்.

ஆனால் அடுத்த பயணத்துக்குள் இரண்டு மூன்று காரியம் பார்த்துவிடுங்கள். முதலில் ரேடியேட்டரின் முன்பக்கம். தோட்டச் சாலையில் ஓடுகிற வண்டிகளில் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். செம்மண் தூசி, பூச்சி, எல்லாவற்றுக்கும் மேலாக லாலாங் புல்லின் பஞ்சு. அந்தப் பஞ்சு ஏர்கானின் ரேடியேட்டருக்கும் இன்ஜின் ரேடியேட்டருக்கும் நடுவே போய் மெத்தை மாதிரி படிந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஒருமுறை ஒரு வேனில் அந்த இடைவெளியில் கை விட்டு இழுத்தேன், தலையணைக்கு ஆகிற அளவு வந்தது. இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், பூச்செடிக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் போதும்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. பத்து வெள்ளிச் சாமான் என்று யாரும் மதிப்பதில்லை. மூடியில் 0.9 என்று எழுதியிருந்தால், அவ்வளவு அழுத்தம் உள்ளே சேரும் வரை மூடி விடாது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் இந்த லாபம் போய்விடும், தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் இன்னும் மோசம், தானா ராத்தா உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே ஒழுங்காக ஓடிய வண்டி மேலே போய்க் கொதிப்பதில் மூடிக்கும் பங்கு உண்டு. மூடியை மாற்றும்போது பழையதில் உள்ள அதே எண்ணைப் பாருங்கள், அதிகமுள்ளதைப் போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

ஃபேன் பெல்ட்டையும் அழுத்திப் பாருங்கள், கட்டைவிரலுக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம். ஏற்றத்தில் ஊசி முக்காலைத் தாண்டினால் ஏர்கானை அணையுங்கள், கியரைக் குறைத்து இன்ஜினைச் சுற்ற விடுங்கள். பெரிய கியரில் முக்கி முனகி ஏறுவதுதான் அதிகம் சூடாக்கும்.

கேள்வி: நெற்றியில் பிடிக்கும் காய்ச்சல் துப்பாக்கி வீட்டில் சும்மா கிடக்கிறது. இன்ஜின் சூடு பார்க்க ஆகுமா?

பதில்: ஆகாது. அது மனுசக் காய்ச்சலுக்கு, 43 டிகிரிக்கு மேல் போனால் 'ஹை' என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஹார்ட்வேர் கடையில் தொழிற்சாலைக்கென்று விற்பதை வாங்குங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் நேராகப் பிடித்தால் அதுவும் குறைத்துச் சொல்லும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் பிடியுங்கள்.

கேள்வி: என் கணவர் தோட்டத்துப் பாலர் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறார். போன வாரம் ஊசி சிவப்புக்குப் போனது, நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதே சரசரவென்று 'சி'க்கு இறங்கிவிட்டது. ஆறிவிட்டது என்று நினைத்து ஓட்டினார். இரண்டு மைல் தாண்டியதும் புகை, இன்ஜின் நின்றுவிட்டது. ஊசி இறங்கிய பிறகு எப்படி?
- பாலர் பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, இதே தப்பை நான் செய்திருக்கிறேன், அதனால் உங்கள் கணவரைத் திட்ட எனக்கு வாயில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, ஒரு தோட்டத்துப் பட்டறையில் கையாள். ஆள் ஏற்றும் வேனைச் சோதித்துப் பார்க்க என்னையே ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். கித்தா மரத்து மேட்டில் ஏறும்போது ஊசி சிவப்பு, மேடு முடிந்ததும் ஒரே இறக்கமாக இறங்கியது. எனக்கு ஒரே பெருமை, நான் ஓட்டுகிற ஓட்டில் ஆறிவிட்டது என்று. பட்டறை வாசலில் நிறுத்தியபோது இன்ஜினிலிருந்து அடுப்பில் காய்ந்த சட்டி வாசம் வந்தது. பெரிய ஃபோர்மேன் வந்து ஒன்றும் பேசவில்லை, ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆறட்டும், தொடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் ரேடியேட்டரில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

சென்சர் தண்ணீரில் முழுகி இருந்தால்தான் சூட்டைச் சொல்லும். ஹோஸ் வெடித்தோ எங்கோ ஒழுகியோ தண்ணீர் போய்விட்டால் சென்சர் வெறும் காற்றில் நிற்கிறது. சுற்றிலும் இரும்பு வெந்துகொண்டிருந்தாலும் காற்று அந்தச் சூட்டைத் தண்ணீர் மாதிரி சென்சரிடம் கொண்டு போய்ச் சேர்க்காது, ஊசி இறங்கிவிடும். சிவப்புக்குப் போன ஊசி மெதுவாக, பாரம் குறைந்ததற்கு ஏற்ப இறங்கினால் அது ஆறுவது. சரசரவென்று விழுந்தால் அது தண்ணீர் தீர்ந்தது, அங்கேயே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும், அடுத்த சந்தி வரை போகலாம் என்ற பேச்சே இல்லை. உடனே மூடியைத் திறக்கவும் கூடாது, முகம் வெந்துவிடும். ஆறாத இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

இப்போது வேன் நிற்கிற நிலைக்கு வருவோம். ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள், பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது, ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். ஆயில் சுத்தமாக இருந்தால், ஒழுகிய இடத்தை அடைத்து, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடியே குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் சோடா மாதிரி குமிழ்கள் இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது. தண்ணீர் நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றும் ஆரம்பத்தில் கொஞ்சம் குமிழ் விடும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சில நிமிடத்தில் நின்றுவிடும்.

ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரும்பு அடிகோலை ஹெட்டின்மேல் குறுக்காக வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று உங்கள் கணவர் கண்முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். பல இன்ஜின்களில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் லேத்துக்கு அனுப்பி மட்டம் சீவ வேண்டும். அதைச் செய்யாமல் மூடினால் புதுக் கேஸ்கெட் இரண்டு மாதம்கூடத் தாங்காது. வேனை இழுத்து வர முடியுமானால் சனிக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள், நான் இருப்பேன்.